எஞ்சின் ஆறும் வரை

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. உடுமலைக்கு வெளியே, பழநி ரோட்டில் சென்னியப்பனின் பழைய கார்க் கொட்டகையில், தகரக் கூரைக்கடியில் வரிசையாக நின்ற வண்டிகளில் அந்தச் சாம்பல் நிற டீசல் கார் மட்டும், யாரோ இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போன மாதிரி, தனியாகத் துடித்துக்கொண்டு நின்றது. சிந்துஜா ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து இறங்கி, வழியெல்லாம் மடியில் பிடித்துவந்த பெட்டியைக் கீழே வைக்க மனமில்லாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் வண்டியின் பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். சூடு. கொதிக்கிற சூடு இல்லை, காய்ச்சல்காரர் நெற்றியின் சூடு.

"நல்ல நேரத்துலயே உசுரு குடுத்தாச்சு கண்ணு," என்றார் மயில்சாமி சித்தப்பா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "ரயில்வே கேட்டுல நிக்கறப்பவே சென்னியப்பனுக்குப் போனப் போட்டுட்டன். சனிக்கெழம, ஒம்பதுக்கு ராகு காலம் வந்துருது, நாங்க வர லேட்டாயிரும், நீங்க அதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி அணைக்காம உட்ருங்கன்னு. இனி நாம எப்ப ஏறி ஓட்டுனாலும் அது நல்ல நேரத்துல ஆரம்பிச்ச காரியந்தான்."

"அண்ணன் சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்," என்றார் சென்னியப்பன். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு போன், முகத்தில் ஒரு நாளும் குறையாத சிரிப்பு. "ஏறுங்க அம்மிணி. ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. பொட்டி எதுக்குங்க, இங்க வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறன்."

அவள் பெட்டியை வைக்கவில்லை. முன்சீட்டில் அதை உட்கார வைத்துவிட்டு ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. கதவைச் சாத்தியதும் எஞ்சினின் சத்தம் காலுக்கடியில் போய்விட்டது. தட்டலில்லை, உரசலில்லை, சீராக ஓடுகிறது, சூடான எஞ்சின் சீராகத்தானே ஓடும், சூட்டில் எல்லாம் சரியாகிவிடும், அதனால்தானே பழைய வண்டி வாங்குகிறவன் வண்டி குளிர்ந்திருக்கும்போது போய் நிற்க வேண்டும் என்று ஒரு மாதமாகப் படித்த இடத்திலெல்லாம் போட்டிருந்தது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது கேட்கிற சத்தம்தான் அந்த வண்டியின் உண்மையான வயசு. இந்த டீசலுக்கு உள்ளே ஒரு செயின் இருக்கிறது, தேய்ந்திருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வந்து உடனே அடங்கிவிடும், அப்புறம் நாள் முழுக்க வராது. விற்கிறவர்கள் ஆள் வருவதற்கு முன்னால் சூடாக்கி வைத்துவிடுவார்கள், ஜாக்கிரதை என்று எழுதியிருந்தது. பானெட்டைத் தொட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தது. சொந்தச் சித்தப்பாவே பாசத்தோடு போனைப் போட்டுச் சூடாக்கி வைக்கச் சொன்னால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை. ஏமாற்றுகிறவனாக இருந்தால் மனசுக்குள்ளாவது சண்டை போடலாம். இங்கே யார் மேல் கோபப்படுவது. சித்தப்பா வெளியே நின்று, நெற்றியில் விபூதியோடு, தலையை ஆட்டி ஆட்டி எஞ்சினைக் கேட்டு ரசித்துக்கொண்டிருந்தார், கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவரைப்போல. போகச் சொல்லிக் கை காட்டினார். போனால் வண்டி இன்னும் சூடாகும். திரும்பி வந்ததும் சித்தப்பா சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவின கவரை எடுத்துச் சென்னியப்பன் கையில் அட்வான்ஸாகக் கொடுப்பார், நல்ல நேரத்தில் ஆரம்பித்தது அறுந்துபோவதற்குள். அதன்பின் அது அவளுடைய வண்டி. அணைச்சிருங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அணைச்சிருங்க. தொண்டைக்குள் அந்த வார்த்தை முழுசாக இருந்தது, எழுத்து எழுத்தாக இருந்தது, வாய்க்குத்தான் வரவில்லை. காலேஜில் படிக்கும்போது டவுன் பஸ்ஸில் தன் ஸ்டாப் வந்ததும் கண்டக்டரிடம் இறங்கணும் என்று சொல்ல வாய் வராமல், கூட்டத்தில் யாராவது இறங்குவார்களா என்று பார்த்து, யாரும் இறங்காமல், அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை. நடந்து வருகிற வழியில் வேண்டுமென்றேதான் அங்கே இறங்கினேன், நடக்கப் பிடிக்கும் என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். இப்போது இந்த வண்டியை வாங்கிவிட்டு டீசல்தான் எனக்குப் பிடிக்கும் என்று எத்தனை வருஷம் நடக்க வேண்டியிருக்கும்.

அணைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். செயின் என்று சொன்னால் சென்னியப்பன் முகம் மாறும், மாறாது, அவர் சிரிப்பார், அம்மிணி கம்ப்யூட்டர்ல படிச்சுட்டு வந்துருக்குதுங்க என்பார். சித்தப்பா முகம்தான் மாறும். தான் பார்த்த நேரத்தில் தப்பு கண்டுபிடிக்கிறாள் என்று ஆகிவிடும். அப்போது டாஷ்போர்டின் கடிகாரம் கண்ணில் பட்டது. ஒன்பது தாண்டிவிட்டது. அவளுக்கு ராகுவிலும் நம்பிக்கை இல்லை, கேதுவிலும் இல்லை. கண்ணாடியை இறக்கினாள்.

"சித்தப்பா. ராகு காலம் வந்துருச்சு. அது முடிஞ்சப்பறம் ஓட்டிப் பாக்கலாம்."

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார். அவள் இன்னொரு தடவை, சத்தமாக, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னாள். சித்தப்பாவின் முகம் விரிந்துபோயிற்று. "பாத்தீங்களா சென்னியப்பா! படிச்ச புள்ள. நானே எதோ சமாதானம் பண்ணி வெச்சேன், அதுக்கு மனசு ஒப்புல பாருங்க. நிறுத்து கண்ணு, நிறுத்து. எல்லாம் பத்தரைக்கு மேல." சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பொய் சொல்லவில்லை. ராகு காலம் வந்துவிட்டது என்பது உண்மைதான். எதற்காகச் சொன்னாள் என்பதுதான் வேறு.

நின்றபின் வந்த அமைதியில் ஒவ்வொரு சத்தமாக வெளியே வந்தது. முதலில் எஞ்சின் ஆறுகிற சத்தம், இரும்பு சுருங்கும் டிக், டிக். அதற்கப்பால் தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்வது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் காற்றாலை, ஒவ்வொரு இறக்கை கீழே வரும்போதும் யாரோ போர்வையை உதறினமாதிரி ஒரு வீச்சு. சத்தங்களை இப்படிப் பிரித்துப் பிரித்து வைப்பது அவளுக்கு வேலை. டவுனில் காது மூக்கு தொண்டை டாக்டரின் கிளினிக்கில், ஒரு கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே இருப்பவரின் காதுக்கு விதவிதமான ஒலிகளை மெல்லிசாக, இன்னும் மெல்லிசாக அனுப்பிக்கொண்டிருப்பாள். கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று ஆரம்பத்தில் ஒரு தடவை சொன்னால் போதும், அதன்பின் பேச்சே வேண்டாம். ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம், நடுவில் ஒரு விரல். இவ்வளவு பேச்சில்லாத வேலை உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்தபோது அவள் படிப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தனக்கே புரிந்தது. இப்போது ஜூனிலிருந்து அந்த வேலை வெளியே வரப்போகிறது. ஓர் அறக்கட்டளைக்காரர்கள் சுற்று வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களிலெல்லாம் பிள்ளைகளின் காதைச் சோதிக்க ஆள் கேட்டார்கள், டாக்டர் அவள் பெயரைச் சொல்லிவிட்டார், சொந்த வண்டி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. கார்தான் வேண்டும். பெட்டிக்குள் இருக்கிற காது சோதிக்கும் கருவியை ஸ்கூட்டரில் கொண்டுபோனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அதன் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தவறும், அப்புறம் நன்றாகக் கேட்கிற பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று காட்டும், கேட்காத பிள்ளைக்குக் கேட்கிறது என்று காட்டும். இன்றைக்கு மடியில் வைத்துக் கொண்டுவந்ததற்கே அவளுக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் எந்த வண்டியானாலும் பெட்டி முன்சீட்டில் ஆடாமல் உட்காருகிறதா என்று பார்க்காமல் எப்படி வாங்குவது. பெட்டியைப் பார்த்தாள். சீட்டின் சரிவில் அது கொஞ்சம் பின்னால் சாய்ந்து, பயணத்துக்கு ஏற்கெனவே சம்மதித்துவிட்ட ஆளைப்போல் இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் ரொம்பத் தூரம் இல்லை. ஒரு ஊர் முடிந்து தென்னந்தோப்பு, தோப்பு முடிந்து அடுத்த ஊர். ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடாவதற்குள் இறங்க வேண்டியிருக்கும். அரை நாள் நிற்கும். மறுபடி ஸ்டார்ட். டீசலுக்கு அது ஆகாது. டீசல் நீளமாக ஓட வேண்டும், சூடாகி, மூச்சைப் பிடித்து ஓடினால்தான் உள்ளே சேர்கிற கரி வெளியே போகும், இல்லாவிட்டால் மெல்ல மெல்ல அடைத்துக்கொள்ளும். சின்னச் சின்ன ஓட்டத்துக்குப் பெட்ரோல்தான். இதில் மூளையைக் கசக்க ஒன்றுமே இல்லை. பெட்ரோல் மைலேஜ் குறைவு, ஆனால் அவள் ஓட்டுகிற ஓட்டத்துக்கு அந்த வித்தியாசம் ஒன்றும் பெரிசில்லை, அதில் மிச்சம் பிடிப்பதை ஒரே ஒரு டீசல் ரிப்பேர் தின்றுவிடும். மூலையில் ஒரு பெட்ரோல் கார் நிற்கிறது, வெந்தய நிறம், இதைவிடக் கொஞ்சம் குட்டி, மேலே புழுதி. அதே எஞ்சினை எத்தனையோ வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நாலு சிலிண்டர், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவான், ஜல்லிப்பட்டியில் நின்றாலும் ஜல்லிப்பட்டியிலேயே சாமான் கிடைக்கும். போன வாரம் தம்பியின் போனில் சென்னியப்பன் அனுப்பின படங்களில் அவள் முதலில் பார்த்தது அதைத்தான். பார்த்து, பெரிதாக்கி, டயரைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். அதற்குள் வீட்டில் டீசல் என்று ஆகிவிட்டது. எப்படி ஆயிற்று என்று இப்போது யோசித்தாலும் அந்த இடம் பிடிபடவில்லை. அப்பா நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்து, மயிலு சொன்னாச் சரி என்றார். அம்மா திருச்செந்தூருக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது என்றாள். தம்பி டீசல்னா பிக்கப்பு என்றான். சித்தப்பா, ஊட்டுக்கு ஒரு வண்டின்னா டீசல்தான், திருச்செந்தூரு போய்ட்டு வந்தாலும் மூச்சு வாங்காது என்றார். ஊட்டுக்கு ஒரு வண்டி. அங்கேதான் அது ஆகியிருக்கிறது. அவள் சேர்த்த காசில் அவள் வேலைக்கு என்று ஆரம்பித்தது, யாரும் எடுத்துக்கொள்ளாமலேயே, ஊட்டுக்கு ஒரு வண்டியாக ஆகிவிட்டது. அவளும் அங்கேதான் இருந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

இந்த டீசல் நடுரோட்டில் நின்றால். அதுதான் பயம், சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்தது. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள், ஹெட்மாஸ்டர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவள் இரண்டு ஊருக்கு நடுவில் தோப்பு ஓரத்தில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டு நின்றுகொண்டிருப்பாள். ஒரு தடவை நடந்தால் போதும். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு வண்டி என்று இதுவரைக்கும் வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு தடவை நின்றால் போதும், அது இறங்கிவிடும், அப்புறம் அந்த வேலைக்கு வேறு ஆள் பார்த்துவிடுவார்கள், சாவி தம்பியிடம் போய்விடும். வெயில் கண்ணாடி வழியாகத் தொடையில் விழுந்தது. இறங்கிப்போய்ப் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாமா. சும்மா பார்க்கிற மாதிரி இறங்கி, டயரைப் பார்க்கிற மாதிரி நடந்து, கையை வைத்தாள். குறைந்திருக்கிறது. சும்மா நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் ஓடினதுதானே, ஆறிவிடும். பத்தரைக்குள் ஆறிவிடும்.

சென்னியப்பன் பக்கத்துக் கடையிலிருந்து டீ வாங்கி வந்தார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரும் சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். "அம்மிணிக்குச் சக்கர போடலாமுங்களா?" என்று அவளைப் பார்க்காமல் சித்தப்பாவிடம் கேட்டார். "அது எதப் போட்டாலும் குடிக்கும்," என்றார் சித்தப்பா. அவள் எதைப் போட்டாலும் குடித்தாள். சர்க்கரை அதிகம். "வண்டி வாங்கறதும் பொண்ணு பாக்கறதும் ஒண்ணுதானுங்க அண்ணா," என்று சென்னியப்பன் ஆரம்பித்தார். "அப்ப உங்க கொட்டாயில நிக்கறது பூராம் ரெண்டாந்தாரமா?" என்றார் சித்தப்பா. சென்னியப்பன் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார். "ரெண்டாந்தாரமுன்னாலும் பத்து ஊரு சுத்துனதில்லீங்க இது. பழநில ஒரு வாத்தியாரு வெச்சிருந்தாரு. பஞ்சு மாதிரி ஓட்டுவாரு. டீசல் வேண்டாமுன்னா அந்த மூலைல ஒரு பெட்ரோலு நிக்குது, அது உங்களுக்குப் பத்தாதுங்க." "பெட்ரோலெல்லாம் வண்டியாங்க," என்றார் சித்தப்பா. "ஓடுதா நிக்குதான்னே தெரியாது. டீசலுன்னா வர்றப்பவே ஒரு கம்பீரம். எஞ்சினுன்னா அது நம்மகிட்டப் பேசோணும்." சென்னியப்பன் மெதுவாக என்னவோ சொன்னார். சித்தப்பா தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார். சென்னியப்பன் மறுபடி சொன்னார். சித்தப்பா சிரித்தார், சரியான இடத்துக்குக் கொஞ்சம் பின்னால்.

அவள் கையில் டம்ளர் நின்றது. சித்தப்பாவின் காது அவளுக்குத் தெரியாததில்லை. முதல் வருஷம் படிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஒரு தீபாவளி அன்று, புத்தகத்தில் இருந்தது அப்படியே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. நூல் மில்லில் எத்தனையோ வருஷம், இரைகிற ரிங் ஃபிரேம் மெஷின் பக்கத்தில், காதில் ஒன்றும் வைக்காமல். மில்லில் வேலை செய்தவர்களின் காது எங்கே அடிவாங்கும் என்று கோடு போட்டுக் காட்டலாம், கீழ்ச் சத்தமெல்லாம் கேட்கும், மேலே போகப் போக ஒரு பள்ளம். சித்தப்பாவுக்கு ஆட்டுரல் கேட்கும், லாரி கேட்கும், குழந்தை குசுகுசுப்பது கேட்காது. சித்தி பேசுவது பாதி கேட்காது, சித்தியோ அவர் கவனிப்பதில்லை என்று கல்யாணமான நாளிலிருந்து கோபமாக இருக்கிறாள். ஒன்றைச் செய்யலாமா வேண்டாமா என்று பேச்சு வரும்போதெல்லாம் பல்லி சொல்லுச்சா, பல்லி சொல்லுச்சா என்று சுற்றி இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கேட்பார். சகுனத்தை நிச்சயப்படுத்திக்கொள்கிறார் என்று எல்லோரும் நினைப்பார்கள். பல்லி சொல்வது அவருக்குக் கேட்டே பல வருஷம் இருக்கும். அவளுக்குத் தெரியும். அவள் வேலையே அது. ஊரில் எவர் எவர் காதையோ பார்த்துச் சொல்கிறவள் இத்தனை வருஷமாக இந்த ஒரு காதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, சித்தப்பா, ஒருக்கா வாங்க, பாத்துரலாம் என்று சொல்லவில்லை, அவருக்கு வயசாகிவிட்டது என்று சொல்கிற மாதிரி ஆகிவிடுமே என்று. ஓடுதா நிக்குதான்னே தெரியாது என்கிறார். உண்மையாகவே தெரியாது. அவரிடம் பேசுகிற எஞ்சின் டீசல் மட்டும்தான். இது புரியாமல் அவர்மேல் எரிச்சல் பட்டோம் என்று நினைத்தாள், பிறகு, எரிச்சல் படவில்லை, பட்டேன், பட்டாலும் எனக்கு டீசல் வேண்டாம் என்று நினைத்தாள். அவருக்குக் கேட்கிறது என்பதற்காக நான் அதை ஓட்ட முடியாது. இது கல்நெஞ்சமா. இல்லை. இருக்கலாம். காற்றாலை போர்வையை உதறிக்கொண்டே இருந்தது.

செயின் சத்தம் போட்டுவிட்டால் நன்றாக இருக்கும். இப்படி நினைக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது, நல்ல வண்டி கெட்டதாக இருக்க வேண்டும் என்று. ஆனால் அந்தச் சத்தம் வந்துவிட்டால் அவள் ஒன்றும் பேச வேண்டியதில்லை. கேக்குதா சித்தப்பா என்று கேட்டால் போதும். அவருக்குக் கேட்காவிட்டால் சென்னியப்பனுக்குக் கேட்கும், அவருக்குக் கேட்காதமாதிரி இருந்தால் அவர் சிரிப்பு சொல்லிவிடும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வண்டி சொல்கிறது. ஊட்டுக்கு வண்டியா, எனக்கு வண்டியா என்ற பேச்சே வேண்டாம், செயின் தேய்ந்த வண்டி வேண்டாம், அவ்வளவுதான். தகர டப்பாவில் ஆணி. அவள் அந்தச் சத்தத்தை மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள், எந்த உயரத்தில் வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று. வந்தே தீரும் என்று கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தாள். பழநி வாத்தியார் பஞ்சு மாதிரி ஓட்டியிருக்கமாட்டார். எந்த வாத்தியார் பஞ்சு மாதிரி ஓட்டுகிறார்.

"பத்தர ஆயிப்போச்சு," என்றார் சித்தப்பா. இரண்டு நிமிஷம் கூடவே விட்டிருந்தார். எழுந்து, வேட்டியை உதறி, கிழக்கே ஒரு கும்பிடு போட்டார். "ஏறு கண்ணு. இப்பத் திருப்பு பாக்கலாம்." அவள் பானெட்டில் கை வைத்தாள். சூடு இல்லை, நிழலில் இருந்த இரும்பின் குளிர்ச்சி. கதவைத் திறந்து வைத்தபடியே உட்கார்ந்தாள், கேட்பதற்கு. சாவியை முதல் கட்டத்தில் நிறுத்தி, டாஷ்போர்டில் மஞ்சள் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்து, மூச்சைப் பிடித்து, திருப்பினாள்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. உடனே பிடித்துக்கொண்டது. டீசலின் தட்டல், எல்லா டீசலுக்கும் இருக்கிற அந்தச் சாதாரணத் தட்டல், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அவள் கண்ணை மூடினாள். தட்டலை ஒதுக்கிவைத்தாள், பெல்ட்டை ஒதுக்கினாள், விசிறியை ஒதுக்கினாள், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அடியில் கிடப்பதைத் தேடினாள். ஆணி இல்லை. டப்பா இல்லை. பழநி வாத்தியார் பஞ்சு மாதிரிதான் ஓட்டியிருக்கிறார்.

"சிங்கம்!" என்றார் சித்தப்பா. "கேட்டயா? சிங்கம்!"

சென்னியப்பன் ஒரு போனைப் பாக்கெட்டில் போட்டு இன்னொன்றை எடுத்தார். சித்தப்பாவின் கை சட்டைப் பைக்குப் போயிற்று, மஞ்சள் தடவின கவரின் முனை வெளியே தெரிந்தது. கிளினிக்கில் சில பிள்ளைகள் இருக்கும். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒன்றும் அனுப்பாதபோதும் விரலைத் தூக்கும். கேட்டுச்சா என்றால் கேட்டுச்சு என்று சொல்லும். அவள் அதைத் தனியாகக் குறித்துவைப்பாள், இது கணக்கில் சேராது என்று. அந்தப் பிள்ளைகள் ஏன் தூக்குகின்றன என்று அவள் நிறைய யோசித்திருக்கிறாள். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லாமலும் இருக்கலாம். எவ்வளவு நேரம்தான் உள்ளே சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஸ்டீயரிங்கின் மேல் கிடந்த தன் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக எழுந்து நின்றது.

"என்ன கண்ணு?" என்றார் சித்தப்பா. அவர் அதைப் பார்த்துவிட்டார். காது போனவர்கள் கண்ணால் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

"இது வேண்டாம் சித்தப்பா."

"என்னது?"

எஞ்சினை அணைத்தாள். "இது வேண்டாம்."

கவரின் முனை பைக்குள் போயிற்று. "ஏன்? சத்தம் கித்தம் எதாச்சும் கேக்குதா?" சித்தப்பா நிஜமான பதற்றத்தோடு கேட்டார். சென்னியப்பனும் அவள் வாயைப் பார்த்தார். கேக்குது என்றால் முடிந்தது. காது பார்க்கிற பிள்ளை கேட்கிறது என்று சொன்னால் இந்த உடுமலையில் மறுத்துப் பேச ஆள் இல்லை. எவ்வளவு சுலபம். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளலாம்.

"ஒண்ணும் கேக்குல. நல்ல வண்டி. எனக்கு வேண்டாம்."

"நல்ல வண்டிங்கற. வேண்டாங்கற."

"நான் போறது பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் சித்தப்பா. இது சூடாகறதுக்குள்ள நான் எறங்கிருவன். அப்படியே ஓட்டுனா இது கெட்டுப்போயிரும். எனக்குப் பெட்ரோல்தான் வேணும். அந்த மூலைல நிக்கறது."

"அதா? அது என்ன கண்ணு, தீப்பெட்டியாட்ட. ஊட்டுக்கு ஒரு வண்டின்னு சொல்லித்தான நாம கெளம்புனது?"

"ஊட்டுக்கு இல்ல சித்தப்பா. எனக்கு." காது மடல் எரிந்தது. தன் குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது அவளுக்கே கேட்டது. அந்த நேரம் பார்த்துக் காற்றாலைகூட உதறுவதை நிறுத்திவிட்டது போலிருந்தது.

சென்னியப்பன்தான் முதலில் பேசினார். "ஏனுங்க அண்ணா, இந்தப் புள்ள பேசுமுங்களா? நான் காலைல இருந்து உங்களுக்குத் துணைக்கு வந்துருக்குதுன்னு நெனச்சிட்டிருந்தன்."

"அது பேசாது," என்றார் சித்தப்பா. பேச்சு சென்னியப்பனோடு, கண் அவள் மேல். கோபமா, வலியா, தெரியவில்லை. "திருச்செந்தூருக்கு என்ன பண்ணறது? உங்கொம்மா வேண்டுதலு?"

"அதுலயே போலாம். மெதுவா. நான் ஓட்டறேன்."

"நீ ஓட்டறியா," என்றார். கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. பிறகு சென்னியப்பனைப் பார்த்து, "அந்தத் தீப்பெட்டிச் சாவியக் கொண்டாங்க," என்றார்.

"அது ரெண்டு நாளா ஸ்டார்ட்டே பண்ணுலீங்க," என்று சென்னியப்பன் இழுத்தார். "ஒரு நிமிஷம் ஓட்டிச் சூடு பண்ணி..."

"வேண்டாங்க," என்றாள் சிந்துஜா. "அப்படியே இருக்கட்டும்."

புழுதியின் மேல் பூனைக் காலடி போயிருந்தது, பானெட்டிலிருந்து கூரைவரை. இரும்பு சில்லென்று இருந்தது. முதல் திருப்பில் ஒரு கிர், பிடிக்கவில்லை. அவள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டாவது திருப்பில் பிடித்தது. பெல்ட் ஒரு கீச்சுக் குரலில் கத்திவிட்டு அடங்கியது. பெல்ட் மாற்றிக்கொள்ளலாம், பேட்டரி பழசு, அதுவும் மாற்றிக்கொள்ளலாம். அடியில் கேட்டாள். நாலு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக, சாப்பாட்டுப் பந்தியில் பேச்சில்லாமல் சாப்பிடுகிறவர்கள் மாதிரி, வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இறங்கிப்போய் அந்த வண்டியிலிருந்து பெட்டியை எடுத்துவந்தாள். முன்சீட்டில் வைத்து சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

முன்கதவைத் திறந்த சித்தப்பா பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப நானு?"

"பின்னாடி சித்தப்பா."

முனகிக்கொண்டே பின்னால் ஏறினார். முழங்கால் முன்சீட்டில் இடித்தது. கதவைச் சாத்தினார். அவள் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டாள், அதில் அவருடைய விபூதி நெற்றியும் வலது காதும் தெரிந்தன. அவர் காத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"என்ன கண்ணு, அணஞ்சு போச்சா? இன்னொருக்கா திருப்பு."

அவள் சீட்டில் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தாள், தன் வாய் அவருக்குத் தெரியும்படி. "ஓடுது சித்தப்பா."

"ஓடுதா?" நம்பவில்லை. கையை நீட்டி அவள் சீட்டின் முதுகில் உள்ளங்கையைப் பதித்து, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவளும் அசையாமல் இருந்தாள்.

"ம். ஓடுது," என்றார். கையை எடுக்கவில்லை.

அவள் முதல் கியரைப் போட்டாள்.